ஏரோப்ளேனுக்கு அம்மா தைத்த சட்டை

நீங்களெல்லாம் என் வயசுக்காரர்கள், நம்புவீர்கள் என்றுதான் சொல்ல ஆரம்பிக்கிறேன். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஒரு ஏரோப்ளேன் இருந்தது. வீட்டுச் சிறுசுகளிடம் சொன்னால் "பொம்மையா?" என்று கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பொம்மை இல்லை. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து காலை நீட்டலாம். நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் பெங்களூர் கண்டோன்மெண்டில், அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் ஜட்கா வண்டிக்காரர். அவர் குதிரையோடு போய்விட்டாலும் குதிரையின் வாசனை கொட்டகையை விட்டுப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டால் குதிரையே திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் கொட்டகையைத்தான் மாமா கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அரசாங்க ஆபீஸில் பாலங்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இருவரும் காய்ச்சலில் போய்விட, அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது அம்மா ஒரு தையல் மெஷினையும் ஒரு தம்பியையும் சீதனமாகக் கொண்டுவந்தாள் என்று அப்பா சொல்வார். மெஷினுக்காவது அவ்வப்போது எண்ணெய் விட்டால் போதும் என்றும் சொல்வார்.

ஒரு முறை மைதானத்தில் ஏரோப்ளேன் ஒன்று வந்து இறங்கி, டிக்கெட் போட்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டியது. மாமா காலையிலிருந்து வெயிலில் வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்குள் அதற்கு ஏதோ கோளாறாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கி, குழம்பைத் தொட்டு இறக்கை வரைந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு எங்கிருந்தோ இங்கிலீஷ் பத்திரிகைகள் வந்தன. வீட்டிலேயே ஏரோப்ளேன் செய்துகொள்வது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சீமையில் அந்த நாளில் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்ததாம். லேசான மரத்தில் சட்டம் அறுத்து, பசை போட்டு, சின்னச் சின்ன ஆணி அடித்து, ஆபீஸ் விட்டு வந்த பொழுதெல்லாம் மாமா கொட்டகையிலேயே கிடந்தார். ஒரு வருஷம் போவதற்குள் கொட்டகை நிறைய ஒரு கூடு நின்றது. மூக்குப் பக்கம் பருத்து, வால் பக்கம் சிறுத்து, யாரோ ராட்சசன் சாப்பிட்டுவிட்டு மிச்சம் வைத்த மீன் முள் போல இருக்கும். இறக்கைச் சட்டங்கள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. மூலையில் சாக்கு போர்த்திய ஒரு பெரிய மரப்பெட்டி. அதுதான் எஞ்சின் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரிந்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மா அந்த மூலையைப் பெருக்கக்கூட மாட்டாள். விளக்குமாறு பட்டால் கிளம்பிவிடும் என்று பயமோ என்னவோ.

கூடு முடிந்ததும் அதற்குத் துணி போர்த்த வேண்டும். நாம் நினைக்கிற மாதிரி ஏரோப்ளேன் இரும்பு இல்லை, அந்தக் காலத்தில் துணிதான். அந்தத் துணி காற்றை உள்ளே விடக்கூடாது. மாமா என்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கமர்ஷியல் தெருவில் ஒரு சேட்டு ஜவுளிக்கடைக்குப் போனார். சேட்டு எடுத்துப் போட்ட ஒவ்வொரு துணியையும் மாமா வாயில் வைத்து ஊதினார். மறுபக்கம் என் கன்னத்தை வைக்கச் சொல்லி, "காத்து வருதா?" என்று கேட்பார். வந்தது என்றால் அடுத்த துணி. மல், பாப்ளின், படுக்கை விரிப்பு, ஒன்றும் தேறவில்லை. சேட்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சாப், துணி கட்டுறதுக்கா, தின்னு பாக்குறதுக்கா?"

"ஏரோப்ளேனுக்கு," என்றார் மாமா.

சேட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். கடைசியில் வெளுக்காத காடா மாதிரி நெருக்கமாக நெய்த ஒரு துணியில் மாமாவின் மூச்சு நின்றது. முகம் சிவக்க ஊதியும் என் கன்னத்துக்கு ஒன்றும் வரவில்லை. அந்தச் சுருளை மாமா ஜட்காவில் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தைப்பதற்கு அம்மாதான். அதில் இரண்டு பேச்சு கிடையாது. எங்கள் கோவிலில் பாட்டுக் குழுவுக்கு அங்கி தைப்பதும், ஞானஸ்நானப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதும் அவள்தான். எவ்வளவு கோணலான உடம்புக்கும் அம்மா தைத்தால் நேராக நிற்கும் என்று பேர். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். இத்தனை நாளும் அந்தக் கொட்டகைப் பக்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவள், "அதுக்கென்னடா, தைச்சுட்டாப் போச்சு," என்றாள். அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்கி அவளை ஒரு தரம் பார்த்தார்.

அம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூட்டைச் சுற்றி வந்தாள். அவளுக்குத் தெரிந்த பாஷையில்தான் அளவெடுத்தாள். "தோள். மார்பு. இடுப்பு. இடுப்பு ரொம்பச் சின்னதா இருக்கேடா." மாமா ஒவ்வொன்றையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். பெரிய தலையணை உறை மாதிரி தைத்து, வால் பக்கமிருந்து இழுத்து மாட்டி, அடிவயிற்றில் மட்டும் திறப்பை மெழுகு நூலால் கையால் தைத்து மூட வேண்டும். இதுதான் பத்திரிகையில் சொன்ன முறை.

கூடத்தில் துணியை விரித்து அம்மா சாக்கட்டியால் கோடு போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்திரிக்கோல் கோட்டின் மேல் போகவில்லை. கோட்டுக்கு உள்ளே, இரண்டு விரல் தள்ளிப் போனது. இரண்டு பக்கமும் அப்படியே. துணி மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிப்பார்கள்.

முதல் முறை மாட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. வால் பக்கம் சுலபமாக ஏறியது. இடுப்பு தாண்டியதும் நின்றுவிட்டது. மாமா இழுத்தார். அப்பா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார். குண்டான கல்யாணப் பெண்ணுக்குப் போன வருஷத்து ரவிக்கையைப் போடுகிற மாதிரி இருந்தது. "மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லு," என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் தோள் பக்கம் தையல் விட்டுப் படபடவென்று மூக்கு வரைக்கும் போயிற்று.

"துணி சுருங்கிடுச்சு போல, தம்பி," என்றாள் அம்மா.

"இன்னும் நனைக்கவே இல்லையேக்கா."

"பெங்களூர்ல பனி சாஸ்தி."

மாமா மறுபடி சேட்டிடம் போனார். அம்மா மறுபடி தைத்தாள். மறுபடி இடுப்பில் நின்றது. இந்தத் தடவை கிழியவில்லை, அவ்வளவுதான். அம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நாடாவையே வெறித்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் யாரும் நாடாவைத்தான் சந்தேகப்படுவார்கள்.

அப்பா மட்டும் வேறு ஒன்றைச் சந்தேகப்பட்டார். "உனக்குக் கண்ணு மங்குது," என்றார். அம்மா இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தைக்கிற பொம்பளைக்குக் கண் போனால் என்ன ஆவது என்று அவருக்கு உண்மையிலேயே கவலை. கண்ணாடிக்கடைக்கு அழைத்துப் போனார், நானும் கூடப் போனேன். சுவரில் எழுத்து அட்டை. அம்மா இப்போது என்ன செய்வாள்? கண் நன்றாக இருக்கிறது என்றால் தையல் எப்படித் தப்பியது என்று கேள்வி வரும். ஆகவே தப்பாகப் படித்தாள். வரிசையாக எல்லாவற்றையும். ஆளுயர 'அ'வைக் கூட 'ஆ' என்றாள். கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க கோவிலுக்கு எப்படித் தனியா நடந்து போறீங்க?"

"பழக்கம்," என்றாள் அம்மா.

தடித்த கண்ணாடி ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய தலைவிதி. வாசற்படியில் தடுக்கினாள். ரசத்தில் சர்க்கரை போட்டாள். எதிரே வந்த போதகரைப் பால்காரர் என்று நினைத்து, "நாளிக்கு அரை சேர் சாஸ்தி கொடுப்பா," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனாள். "பாரு, கண்ணு எவ்வளவு மோசமாயிருக்கு," என்று அப்பா உருகினார்.

அம்மா ஏன் இப்படிச் செய்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் பெரியவளானதும் அவளே சொன்னாள். மாமாவுக்குக் கோலார் தங்கவயலில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண் பள்ளிக்கூட டீச்சர். பெண்ணின் அப்பா ரிட்டயரான தபால் மாஸ்டர். பிள்ளை ஏரோப்ளேன் செய்கிற சங்கதி அவர் காதுக்குப் போய், "பறக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துட்டு நான் தினமும் வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா?" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். தையலைத் தள்ளிப் போட்டால் பறப்பது தள்ளிப் போகும், அதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம், அப்புறம் வருகிறவள் பார்த்துக்கொள்வாள். இதுதான் அம்மாவின் கணக்கு. நல்ல கணக்குத்தான்.

மாமா ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

கொட்டகையில் மரச்சீவல் சுருள்கள் விழ ஆரம்பித்தன. பொன் நிறத்தில், மெல்லிசாக, காதில் மாட்டினால் லோலாக்கு. நான் பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்தேன். இரண்டு மூன்று நாள் வாங்கிப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"வேலைதான் முடிஞ்சுடுச்சே, ஏது பாப்பா இவ்வளவு சீவல்?"

"மாமா ஏரோப்ளேனை இளைக்க வைக்கிறாரு. சட்டை பத்தலை இல்ல?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

மாமா கூட்டின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, மூக்கிலிருந்து வால் வரை போகிற நீளக் கட்டையை இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டையும் தாங்குகிற கட்டை அது. பெருவிரல் தடிமனில் இருந்தது இப்போது சுண்டுவிரலாகியிருந்தது. அம்மா விரலால் அழுத்தினாள். வளைந்தது.

"எதுக்குடா இதைச் சீவுறே?"

"சட்டை ஏறணுமில்லக்கா."

"சட்டை ஏறலேன்னா சட்டையைத்தானேடா பிரிக்கணும்? என்னைக் கேட்டியா?"

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. "உன் தையல்ல தப்பு வராதுக்கா. நான் பொறந்ததிலேர்ந்து நீ தைச்சதைத்தானே போட்டிருக்கேன், ஒரு தடவையாச்சும் இறுக்கிப் பிடிச்சிருக்கா? ரெண்டு தடவையும் பத்தலேன்னா, என் கூடுதான் படத்துல இருக்கறதைவிடப் பெருத்துப்போச்சு. நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சீவல் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள். இவன் சாகக்கூடாது என்று அவள் துணியைக் குறைக்க, அவள் தைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று இவன் மரத்தைக் குறைக்க, இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஏரோப்ளேனை ஆள் கொல்லியாக்கிவிட்டிருந்தார்கள். இதை அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை.

"கட்டை எல்லாத்தையும் மாத்து," என்றாள். "இருந்த தடிமனுக்கே போடு. ஒரு நூல் குறையக்கூடாது. நான் வந்து தொட்டுப் பாப்பேன்."

"மாத்தினா சட்டை?"

"அது என் கவலை. அது எவ்வளவு குண்டா இருந்தாலும் நான் தைக்கிறேன்."

மாமா கட்டைகளை மாற்ற ஒரு மாசம் ஆயிற்று. அம்மா தினமும் போய் ஒவ்வொரு கட்டையாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு மூன்றாம் தடவையாகத் துணியை விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கத்திரிக்கோல் சாக்கட்டிக் கோட்டின் மேலேயே போயிற்று. அவள் முகம், தேர்வு எழுதப் போகிற பிள்ளை முகம் மாதிரி இருந்தது. மெஷினில் ஓட்டும்போது இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். சில தையலை ஒன்றுக்கு இரண்டாக ஓட்டினாள்.

அந்தச் சட்டை வாலில் ஏறி, இடுப்பைத் தாண்டி, தோளில் வழுக்கிக்கொண்டு போய் மூக்கில் உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அடிவயிற்றைத் தைத்து மூடும்போது ஊசியை உள்ளேயிருந்து திருப்பி அனுப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. என்னை உள்ளே விட்டார்கள். துணிக்குள்ளே வெயில் பால் மாதிரி இறங்கியது. வெளியே அம்மாவின் விரல் நிழலாகத் தெரியும், ஊசி முனை எட்டிப் பார்க்கும், நான் பிடித்துத் தள்ளுவேன். குதிரை வாசனை அங்கே எட்டவில்லை.

அடுத்தது டோப். துணி மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்பதற்குப் பூசுகிற ஒரு திரவம். கனிந்து அழுகப் போகிற வாழைப்பழத்தை ஒரு வண்டி கொட்டின மாதிரி வாசனை. முகர்ந்த கொஞ்ச நேரத்தில் தலை லேசாகிவிடும். நெருப்பென்றால் ஒரு பொறி போதும். மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் பூச்சு பூசிக்கொண்டிருந்த சனிக்கிழமையன்று, முன்னறிவிப்பு இல்லாமல் தங்கவயலிலிருந்து தபால் மாஸ்டர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளையின் யோக்கியதையை நேரில் பார்த்துவிட்டுப் போவதாக உத்தேசம்.

அப்பா அவர்களை முன்கூடத்தில் உட்கார வைக்க எவ்வளவோ பார்த்தார். "அதை முதல்ல காட்டுங்க," என்று அவர் நேரே கொட்டகைக்கு வந்தார். பெரிய மீசை, அதற்கு நடுவில் புகைகிற சுருட்டு.

மாமா வாசலில் அவரைப் பார்த்தார். நேரே போய், வருங்கால மாமனாரின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டார். சுர் என்றது.

"அது வந்து, தீப்பிடிக்கும்," என்றார் அப்பா.

"எது?"

"எல்லாமே."

தபால் மாஸ்டர் வாளியில் மிதந்த சுருட்டைப் பார்த்தார். அம்மா கும்பிட்டபடி முன்னால் வந்து, கண்ணாடி போட்டிருந்ததால், பெண்ணுக்குப் பதிலாகத் தூணை வரவேற்றாள். அந்தப் பெண் ஏரோப்ளேனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். அடிவயிற்றுத் தையலைக் குனிந்து பார்த்தாள். மூக்குப் பக்கம் வந்து நின்றாள். கூடு அங்கே வெறுமையாகத் திறந்திருந்தது.

"இங்க என்ன வரும்?" என்று மாமாவிடம் கேட்டாள்.

"எஞ்சின்."

"அது எங்க?"

எல்லோரும் சாக்கு போர்த்திய பெட்டியைப் பார்த்தோம். மாமாவும் நாங்கள் பார்க்கிற பக்கம் பார்த்தார்.

"அதுவா? அது பழைய பத்திரிகைங்க."

"அப்போ எஞ்சின்?"

"அதைப் பத்தி இன்னும் யோசிக்கலை," என்றார் மாமா. துண்டுக்கு மேலே அவர் காது மட்டும் சிவந்தது. "முதல்ல உடம்பு முடியட்டும்னு இருந்தேன். எஞ்சின் எங்கியாச்சும் சீமையிலேர்ந்துதான் வரவழைக்கணும். அதெல்லாம் இப்போ ஆகற காரியமா?"

அம்மா மெதுவாகத் தடவிக்கொண்டு போய், இத்தனை நாளும் பக்கத்தில்கூடப் போகாத அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடி பனிக்க, மூச்சு வாங்க, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாசத்துப் பயம் அது. டோப் வாசனை தலைக்கேறிவிட்டது என்று அப்பா விசிறினார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, எங்களைப் பார்த்து அப்பாவுக்கு. கடைசியில் தபால் மாஸ்டரின் மீசையும் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. வாசனையும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"எஞ்சினே இல்லையா?" என்றார் அவர்.

"இல்லைங்க. ஆனா வாங்கற..." என்று மாமா தொடங்க, அப்பா அவர் காலை மிதித்தார்.

"அப்போ இது கம்மாய் இல்லாத ஊர்ல படகு வச்சிருக்கற மாதிரி."

"அதேதான் சார்," என்றார் அப்பா. "அச்சா அதேதான்."

தட்டு மாற்றுவதற்கு அன்றைக்கே நாள் பேசினார்கள். தகப்பனாருக்கு எஞ்சின் இல்லாதது பிடித்துப்போயிற்று. மகளுக்குப் பிடித்தது வேறு. தன் அப்பா வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கத் துணிந்த முதல் ஆள் இவர்தான் என்று அத்தை ஆன பிறகு எங்களிடம் சொன்னாள்.

அப்புறம் என்ன. ஒவ்வொரு வருஷமும் எஞ்சின் அடுத்த வருஷம் வருவதாக இருந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கே ரேஷன் சீட்டு என்றானது. ஏரோப்ளேன் கொட்டகையிலேயே நின்றது. கோழிகள் ஏறி உட்காரும். சிவப்பாகக் கடைசிப் பூச்சு பூசியிருந்ததால் பளபளவென்று புதிதாகவே தெரியும்.

யுத்தம் முடிகிற சமயம் வீட்டுக்காரருக்குக் கொட்டகை வேண்டியிருந்தது. மாமாவும் அப்பாவும் அதை வெளியே எடுக்க வந்தார்கள். மாமா மூக்கைப் பிடித்துத் தூக்கியவர், இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று திரும்பக் கீழே வைத்தார். அடிவயிற்றுத் தையலைப் பிரித்ததும் செம்மண் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கரையான். கட்டைகளில் பாதிக்கு மேல் இல்லை. வருஷக்கணக்காக அங்கே மரம் நின்றிருக்கவில்லை, துணிதான் நின்றிருந்தது. தோளும் இடுப்பும் வாலும் அம்மா வெட்டின அளவிலேயே, ஒரு சுருக்கம் இல்லாமல்.

மாமா தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றார். அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"அக்கா, அந்த முதல் ரெண்டு தடவையும் தெரிஞ்சுதானே கம்மியா வெட்டினே?"

"மூணு தடவையும் தெரிஞ்சுதாண்டா வெட்டினேன், அளவா வெட்டினதையும் சேத்து," என்றாள் அம்மா.

மாமா வால் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூக்குப் பக்கம் பிடித்தாள். அப்பா நகர்ந்து வழிவிட்டார். இரண்டு பேருமாக அதை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.